பின்பக்கம் நீளமாக வெட்டிய சட்டை

என் மகனே, உன் மீது சாந்தி உண்டாகட்டும். உடம்பையும் கடையையும் பற்றி விசாரிக்கிற கடிதம் இல்லை இது. அதற்கெல்லாம் தனியாக ஒரு கார்டு போடுகிறேன். மெட்ராஸில் உன் அறையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து இதைப் படி. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் முதலில் பேனாவை எடுத்தது உனக்கு ஒரு பொய்யைச் சொல்லிக்கொடுப்பதற்காக. பாதியில் கை நின்றுவிட்டது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டு வந்து, இப்போது முதலிலிருந்து எழுதுகிறேன். எட்டாவது வரை படித்த தையல்காரன் எழுத்து, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்.

செவ்வாய்க்கிழமை அசர் தொழுதுவிட்டுக் கடைக்கு வந்து உட்கார்ந்திருந்தேன். லால்குடியிலிருந்து பெண்ணின் அத்தா வந்தார். உனக்குப் பார்த்திருக்கிற அந்தப் பெண்ணைப் பெற்றவர், அரிசி மண்டிக்காரர். முன்னறிவிப்பு இல்லாமல் வந்து நின்றதும் எனக்குக் கொஞ்சம் பதற்றமாகிவிட்டது. டீ வாங்கிவரச் சொன்னேன். குடும்பத்தில் எல்லாருக்கும் பிடித்திருக்கிறது, பெண்ணுக்கும் சம்மதம் என்றெல்லாம் நல்லபடியாகத்தான் பேசினார். பிறகு டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே? தம்பிக்கு முதுகு அப்படி முன்னாடி வளைஞ்சு இருக்கே, அது பொறந்ததுலருந்தா, நடுவுல வந்ததா?" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "சின்ன வயசுல முருங்கை மரத்துலருந்து விழுந்துட்டான்" என்றேன். "அப்பவே டாக்டருகிட்ட காட்டலையா?" என்றார். "என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க, பார்த்த அன்னைக்கே தூக்கிட்டு ஓடினேன்" என்றேன். அவர் "அப்படிங்களா" என்று சொல்லிவிட்டு மிச்ச டீயைக் குடித்தார், ஸலாம் சொன்னார், போய்விட்டார். காரியம் சுலபமாக முடிந்தது என்று சந்தோஷப்பட்டவன்தான் நான். உன்னிடம் கேட்டால் நீயும் முருங்கை மரம் என்றே சொல்ல வேண்டும், வயதை மாற்றிச் சொல்லிவிடாதே என்று எழுதத்தான் உடனே தாளை எடுத்தேன்.

நம் வீட்டில் முருங்கை மரமே கிடையாது. உனக்கு மரம் ஏறவும் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கொண்டுவந்த புதிதில் தெருவில் கேட்டவர்களுக்கு நான் அவிழ்த்துவிட்ட கதை அது. டி.பி. என்று சொன்னால் அந்த வீட்டில் தைத்த துணியை யார் போட்டுக்கொள்வார்கள், பள்ளிவாசலில் பக்கத்தில் யார் நிற்பார்கள் என்று பயந்தேன். உன் அம்மாவும் பயந்து தலையாட்டினாள். பள்ளிக்கூடத்தில் நீயும் அதையே சொன்னாய். மரம் ஏறத் தெரியாத பையன் மரத்திலிருந்து விழுந்தவனாகப் பாலக்கரை முழுவதும் பேராகிவிட்டது. இந்தப் பொய் உனக்குத் தெரியும். இதற்காக மட்டும் என்றால் நான் இவ்வளவு வெட்கப்பட மாட்டேன், அந்தக் காலத்தில் டி.பி. வந்த வீடுகள் எல்லாமே எதையோ சொல்லி மறைத்தவைதான். இதற்கு அடியில் இன்னொன்று இருக்கிறது. அதை உன்னிடம் மட்டுமில்லை, உன் அம்மாவிடமும் நான் கடைசிவரை சொல்லவில்லை.

அதைச் சொல்ல, ஸ்ரீரங்கத்து தாசில்தாரிலிருந்து தொடங்க வேண்டும். ரிட்டயர் ஆனவர், வடம்போக்கித் தெருவில் வீடு. உனக்கு நினைவிருக்கும், நல்ல சிவப்பு, முதுகு வில்லாய் வளைந்தவர். வயதாகி எலும்பு தேய்ந்து விழுந்த கூன். அவருக்கு யார் தைத்தாலும் சட்டை முன்னால் தொங்கும், பின்னால் மேலே ஏறிக்கொள்ளும், காலர் கழுத்தை விட்டு எழுந்து நிற்கும். என்னிடம் வந்தபோது அவர் முதுகின் மேல் டேப்பை வைத்து வளைவோடு வளைவாக இறக்கி அளந்தேன். பின்பக்கம் நீளம் கூட்டி, முன்பக்கம் குறைத்து, தோள் தையலை முன்னே தள்ளி, தோள்பட்டைக்குக் கீழே வெளியில் தெரியாத இரண்டு மடிப்பு வைத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு போனவர் மறுவாரம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நேரே கடைக்கு வந்தார். "பாய், நம்மாத்துல கண்ணாடி முன்னாடி நின்னேன். யாரோ வேத்து மனுஷாள் வந்திருக்கான்னு நெனச்சுட்டேன், போங்கோ!" என்று சொல்லி அப்படிச் சிரித்தார். அதற்குப் பிறகு ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து முதுகு வளைந்த பெரியவர்கள் எல்லாம் பஸ் ஏறி என்னைத் தேடி வந்தார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. கூனை மறைக்கத் திருச்சியில் நம்மை விட்டால் ஆளில்லை என்று நானே நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நீ ஏழாவது படிக்கும்போது நோன்புப் பெருநாளுக்கு உனக்குச் சட்டை தைக்க அளவெடுத்தேன். பெல்பாட்டமும் நீளக் காலரும் வந்த சமயம், அதே மாதிரி வேண்டும் என்று நீ அடம்பிடித்தாய். பனியன் போட்டு நின்றாய். கழுத்திலிருந்து இடுப்புக்கு டேப்பை இறக்கினேன். நடு முதுகில் விரல் தட்டியது. சட்டைக்குள் பொத்தான் ஒன்று மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு முண்டு. அழுத்தினேன், "கூசுது அத்தா" என்று நெளிந்தாய். கூசவில்லை, வலித்தது, உன் முகத்தில் தெரிந்தது. திரும்பவும் அளந்தேன். முன்பக்க அளவைவிடப் பின்பக்க அளவு கூடியிருந்தது. அந்த வித்தியாசம் என்னவென்று ஊரில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். என் கை அதைப் பழகிய கை. மகனே, ஊரில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருப்பது போல நான் பிறகு தெரிந்துகொண்டவன் இல்லை. அன்றைக்கே தெரிந்துகொண்டேன். சாக்குக்கட்டியை எடுத்துத் துணியில் கோடு போட்டேன், தாசில்தாருக்குப் போடுகிற அதே கோடு. பின்பக்கம் நீளம், முன்பக்கம் குறைவு, உள்ளே இரண்டு மடிப்பு. பெருநாள் அன்று நீ அதைப் போட்டுக்கொண்டு தொழுகைக்கு வந்தபோது யார் கண்ணுக்கும் ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு கச்சிதமாக வந்திருந்தது. யா அல்லாஹ், அதைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உன்னைக் கடையில் உட்கார வைத்து, பொத்தான் துளைகளுக்கு ஊசி நூலால் காஜா எடுக்கச் சொன்னவன் நான். விளக்கடியில் தரையில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து, முதுகை வளைத்து நீ சட்டை சட்டையாக எடுத்தாய். உன் அம்மாவுக்கு அது ஆகவே ஆகாது. "படிக்கிற புள்ளைய ஏங்க இப்படிக் குனிய வைக்கிறீங்க, முதுகு என்னத்துக்கு ஆகும்?" என்று எத்தனையோ தடவை சண்டை போட்டாள். நான் காதில் வாங்கவில்லை. உன் முதுகில் விரல் தட்டியதும் எனக்கு முதலில் தோன்றியது, இவள் சொன்னது நடந்துவிட்டது என்பதுதான். காஜா எடுத்துத்தான் உனக்குக் கூன் விழுந்துவிட்டது, நான்தான் விழ வைத்தேன் என்று முடிவே கட்டிவிட்டேன். டாக்டரிடம் போனால் ஏன் வந்தது என்று கேட்பார், அவளுக்குத் தெரியும், அவள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? உன்னைக் காஜாவிலிருந்து நிறுத்திவிட்டால் தானாக நிமிர்ந்துவிடும் என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கொண்டேன். மறுநாளிலிருந்து உன்னை நிறுத்தினேன். "ஏதோ புத்தி வந்துச்சே" என்று உன் அம்மா சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்தையும் வெட்கமில்லாமல் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஆனால் நீ நிமிரவில்லை. சாயங்காலமானால் உடம்பு கதகதவென்று இருக்கும், சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாய், கழுத்தெலும்பு தெரிய இளைத்தாய். வளர்கிற வயது, அப்படித்தான் இருக்கும் என்று உன் அம்மாவை அடக்கினேன். ஒரு நாள் கடையில் பொத்தான் டப்பா கவிழ்ந்து பொத்தான்கள் தரையெல்லாம் சிதறின. பொறுக்கச் சொன்னேன். நீ குனியவில்லை. முதுகைக் கட்டை மாதிரி நேராக வைத்துக்கொண்டு, ஒரு கையால் தொடையைப் பிடித்து, மெல்ல மெல்லக் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தாய். "என்னடா, மகாராஜாவுக்குக் குனிய வராதோ?" என்று எல்லார் எதிரிலும் கத்தினேன். நீ அப்படியே குந்திக்கொண்டு மிச்சத்தையும் பொறுக்கினாய். முதுகெலும்பில் நோய் உள்ள பிள்ளை அப்படித்தான் எடுக்கும், குனிந்தால் வலி உயிரை வாங்கும் என்று பின்னால் டாக்டர் சொன்னபோது எனக்கு என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. உனக்கும் பிள்ளைகள் பிறக்கும், இன்ஷா அல்லாஹ். கீழே விழுந்ததைக் குனியாமல் எடுக்கிற பிள்ளையைத் திட்டாதே. எவ்வளவு பெரியவனானாலும் மாதத்தில் ஒரு தடவையாவது சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார். சாயங்காலக் காய்ச்சலை வெயில் காய்ச்சல் என்று தள்ளாதே. புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லைதான். ஆனாலும் தெரிந்ததைச் சொல்லாமல் விட்டதால் வந்த வினையைப் பட்டவன் நான், அதனால் சொல்கிறேன்.

சாரணர் சட்டை கதை உனக்கே தெரியும். ஆனால் நீ பார்த்ததை நான் பார்த்தபடியும் எழுதிவிடுகிறேன். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு எல்லாப் பையன்களுக்கும் வேறு கடையில் மொத்தமாகச் சட்டை தைத்து வாங்கினார்கள். அதைப் போட்டு நீ அணிவகுப்பில் நின்றதும் டிரில் மாஸ்டர் கண்ணில் பட்டுவிட்டது. நல்ல மனிதர், உன்னைக் கையோடு கடைக்கே கூட்டிக்கொண்டு வந்தார். சட்டை முன்னால் தொங்கியது, பின்னால் இடுப்புக்கு மேல் ஏறியிருந்தது, நடு முதுகில் முண்டு துருத்திக்கொண்டிருந்தது. "பாய், தப்பா எடுத்துக்காதீங்க, பையனுக்கு முதுகுல ஏதோ இருக்கு. ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்களேன்" என்றார். நான் சிரித்தேன். "முதுகுல ஒண்ணும் இல்லைங்க சார், சட்டைலதான் கோளாறு. மொத்தமா வெட்டுறவன் ஒவ்வொரு முதுகையுமா பாத்து வெட்டுறான்? கட்டிங்கே சரியில்லை. கொஞ்சம் உக்காருங்க" என்று சொல்லிவிட்டு அங்கேயே சட்டையைப் பிரித்தேன். ஓரத்தில் மடித்து வைத்திருந்த துணியை இறக்கிவிட்டுப் பின்னால் நீளம் கொடுத்தேன், மடிப்பு வைத்தேன், தைத்து இஸ்திரி போட்டு உன்னிடம் கொடுத்தேன். திரைக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டு வந்தாய். மாஸ்டர் உன்னைச் சுற்றி வந்து பார்த்தார். "அட, ஆமா பாய்! சட்டைதான்!" என்று ஆச்சரியப்பட்டார். முகம் தெரியாத ஒரு தையல்காரன் தொழிலையும் சேர்த்துக் கெடுத்தேன். நீ மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். அந்த வயதுப் பையனுக்கு என்ன புரிந்திருக்கும் என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டேன். உனக்கு எல்லாம் புரிந்திருக்கிறது என்பது எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அடுத்த நோன்பு வருவதற்குச் சில வாரம் இருந்தபோது தாசில்தாருக்குத் தைத்த சட்டைகளைக் கொடுக்க ஸ்ரீரங்கம் போனோம். சத்திரத்தில் பஸ் ஏறும்போது உன் கால் படிக்கு எழவில்லை. கண்டக்டர் கத்தினான், நானும் சேர்ந்து கத்தினேன். முழங்கால் சிராய்த்து ஏறினாய். காவிரிப் பாலம் தாண்டும்வரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாய். அப்போது மொட்டையாக நின்ற ராஜகோபுரத்தடியில் இறங்கி நடக்கும்போது ஒரு செருப்பு கழன்று போனதே உனக்குத் தெரியவில்லை. தாசில்தார் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "என்ன பாய், குழந்தை காலை இழுத்துண்டு வரானே?" என்றார். விளையாடி எங்கேயோ விழுந்திருப்பான் என்று சொல்லத் தொடங்கினேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. உன்னைப் பக்கத்தில் நிறுத்தி முதுகில் கை வைத்தார். கை முண்டில் நின்றது. பிறகு சட்டையின் பின்பக்கத்தை இரண்டு விரலால் பிடித்து, தையலைத் தடவி, உள்ளே வைத்த மடிப்பைத் திருப்பிப் பார்த்தார். தினம் அவர் முதுகில் கிடக்கிற மடிப்பு அது. "பாய்," என்றார், "இது எனக்கு வெட்டற மாதிரின்னா வெட்டியிருக்கேள். அப்போ உங்களுக்குத் தெரியும்."

திட்டியிருந்தால் தேவலை. அவர் திட்டவில்லை. "எடுங்கோ குழந்தையை, இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கோ, ஒரு நிமிஷம் நிக்காதேங்கோ" என்றார். அப்போதுதான் உன்னைத் தூக்கித் தோளில் போட்டேன். தூக்கியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, உடம்பில் கனமே இல்லை. தோளில் போட்டுக்கொண்டு ஓடினது நிஜம். பஸ் கிடைக்காமல் பாலத்தில் பாதி தூரம் ஓடினது நிஜம். ஆனால் அது பார்த்த அன்றைக்கு இல்லை. பார்த்து ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து. அந்தப் பெரியவர் தாம் கண்டுபிடித்ததை யாரிடமும் சொல்லவில்லை. பையன் எப்படி இருக்கிறான் என்று ஆள்விட்டு விசாரித்துக்கொண்டே இருந்தார். ஆனால் அதற்குப் பிறகு என்னிடம் ஒரு துணிகூடத் தைக்கக் கொடுக்கவில்லை.

எலும்பு டாக்டர் படமெடுத்துப் பார்த்துவிட்டு எனக்கு விளங்கும்படி சொன்னார். மேஜையில் இருந்த மாத்திரை அட்டைப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். நடுப்பெட்டியின் முன்பக்கத்தைக் கட்டைவிரலால் நசுக்கினார். மேலே இருந்த பெட்டிகள் முன்னால் சாய்ந்தன. "இதுதாங்க நடந்திருக்கு. நெஞ்சுல புகுந்த டி.பி. கிருமி ரத்தத்தோட போயி முதுகெலும்புல உக்காந்து முன்பக்கத்தைத் தின்னுடுச்சு. உள்ள சீழ் கட்டி நரம்பை அமுக்குது, அதான் கால் விளங்கலை" என்றார். நான் தயங்கித் தயங்கிக் காஜாவைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும், "குனிஞ்சு வேலை பாக்குறதால இது வராதுங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது" என்றார். மகனே, ஒரு நொடி எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அந்த நொடிக்காகவும் இன்றுவரை வெட்கப்படுகிறேன். ஏனென்றால் அவர் அடுத்து, "ஆனா முதுகு லேசா தூக்க ஆரம்பிச்சப்பவே வந்திருந்தீங்கன்னா, மருந்து குடுத்து அப்பவே நிறுத்தியிருக்கலாம். இப்படி வளைஞ்சிருக்காது" என்றார். செய்யாத குற்றத்தை மறைக்கப் போய்த்தான் நிஜமான குற்றத்தைச் செய்திருக்கிறேன். வாயைத் திறந்து உன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவள் என்னை நாலு வார்த்தை ஏசிவிட்டு உன்னை அன்றைக்கே கொண்டுபோயிருப்பாள்.

வைத்தியம் பட்டது நீ, உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தினமும் ஊசி போட்டு இடுப்பெல்லாம் கட்டி கட்டியாக வீங்கும். வாய் கொள்ளாத மாத்திரை. பலகையில் மல்லாந்து கிடந்தாய், பிறகு கழுத்துக்குக் கீழே இடுப்புவரை மாவுக்கட்டு, சித்திரை வெயிலில் அதற்குள் அரித்தால் சொறியக்கூட வழியில்லாமல் அழுவாய். நிமிர்த்துவதற்கு ஆபரேஷன் இல்லையா என்று டாக்டரிடம் கெஞ்சினேன். "இருக்கு. ஆனா அந்த இடத்துல கத்தி வச்சு ஏதாவது ஆச்சுன்னா காலே போயிடும். மருந்துக்குக் கால் கேக்குது. காலைக் காப்பாத்திக்குவோம், நொறுங்கின எலும்பு நொறுங்கினதுதான்" என்றார். முதலில் கால் கட்டைவிரல் அசைந்தது, பிறகு முழங்கால் மடங்கியது, பிறகு சுவரைப் பிடித்து நின்றாய். இரும்புப் பட்டை வைத்த தோல் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு நீ பள்ளிக்கூடம் போன அன்று உன் அம்மா பக்கத்து வீட்டுக்கெல்லாம் பாயசம் கொடுத்தாள். நோய் முழுதாகப் போய்விட்டது. வளைந்தது அப்படியே நின்றுவிட்டது.

அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் என்னைக் கேட்டாள்: "தெனம் அளவெடுக்கிற கையாச்சே, உங்க கைக்குமா தெரியலை?" நான், "தெரியலை" என்றேன். அவள் நம்பினாள். நம்பியதோடு விடவில்லை. "உங்களைச் சொல்லி என்ன, பெத்தவ நான் பார்க்கலையே. பெரிய பையனாயிட்டான்னு குளிப்பாட்டுறதை நிறுத்தினேனே, பாவி" என்று தன் தலையில் போட்டுக்கொண்டாள். உன் முதுகைப் பார்க்கும்போதெல்லாம் அதைச் சொல்லி அழுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, விடு விடு என்று ஆறுதல் சொல்லுவேன். நல்ல புருஷன் என்று பேர் வாங்கினேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவள் மவுத்தாகிற சமயத்திலும், "புள்ளையப் பார்க்காம விட்டுட்டேன்" என்றாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. இனி அவளிடம் சொல்ல எனக்கு வழியில்லை. மற்றதையெல்லாம் எப்படியோ செரித்துக்கொண்டேன், இது மட்டும் தொண்டையிலேயே நிற்கிறது.

அதனால்தான் உனக்கு முருங்கை மரத்தை எழுதும்போது கை நின்றது. இந்தப் பெண்ணும் உன் அம்மாவைப் போல நம்பிக்கொண்டு வாழ வருவாள் என்று தோன்றியது. நேற்று ஜும்ஆ தொழுகை முடிந்ததும் சத்திரத்தில் லால்குடி பஸ் ஏறினேன். போனால் சம்பந்தம் முறிந்தாலும் முறியலாம், உன் வாழ்க்கையை இரண்டாம் தடவை நான் கெடுத்தவனாவேன் என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டே போனேன். மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே அவர் இருந்தார். உட்காரச் சொன்னார். உட்காராமலே சொன்னேன். "மரத்துலருந்து விழலைங்க. முதுகெலும்புல டி.பி. வந்துச்சு. முழுசா குணமாயிடுச்சு, திரும்ப வராதுன்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்கார். பரம்பரையும் இல்லை, புள்ளைங்களுக்குப் போவாது. அன்னைக்கு உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

அவர் பெருமூச்சு விட்டார். "உக்காருங்க முதல்ல" என்றார். "டி.பி.ங்கிறது எனக்குத் தெரியும். உங்க மகன் எங்க வீட்டுக்கு வந்த அன்னைக்கே என்னைத் தனியா கூப்பிட்டு எல்லாத்தையும் சொல்லிட்டாரு. பெத்தவங்க வாயாலயும் ஒரு தடவை கேட்டுக்கலாம்னுதான் கடைக்கு வந்தேன். நீங்க முருங்கை மரம்னீங்க. அன்னையிலருந்து வீட்டுல ஒரே குழப்பம். மகன் சொல்றது நெசமா, அத்தா சொல்றது நெசமா? இவங்கள நம்பிப் பொண்ணைக் குடுக்கலாமான்னு அவ அம்மா கேக்குறா. நான் என்னத்தைச் சொல்ல?" அவரே தொடர்ந்தார்: "ஆனா ஒண்ணு. பார்த்த அன்னைக்கே நீங்க தோள்ல தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினதை மட்டும் ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னீங்க. அது ஒண்ணாச்சும் நெசம்னு மனசைத் தேத்திக்கிட்டேன். 'சட்டைக்குள்ள இருந்ததால யாருக்கும் தெரியலைங்க, எங்க அத்தாவுக்குத் தெரிஞ்சப்போ ஒரு நிமிசம் நிக்கலை'ன்னு உங்க மகன் சொன்னாரு. சொல்லும்போது அவரு கண்ணு கலங்கிடுச்சு."

மகனே, அந்த மூட்டைகளுக்கு நடுவே நான் கூனிக் குறுகிப் போனேன். டிரில் மாஸ்டர் எதிரில் என்னையே பார்த்துக்கொண்டு நின்ற பையனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. உன் சட்டையில் மடிப்பு வைத்தது தெரியும், பக்கத்திலேயே நின்ற உன் காதில் தாசில்தார் சொன்னதும் விழுந்தது; இல்லாவிட்டால் 'யாருக்கும் தெரியலை' என்று கண் கலங்கி அவரிடம் எனக்காக வாதாடியிருக்க மாட்டாய். தெரிந்தும் உன் அம்மாவிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. உன் நோயைத் துணிச்சலாகச் சொல்லிவிட்டு, என் குற்றத்தை மட்டும் மறைத்திருக்கிறாய். நீ பொய் சொல்ல வேண்டி வந்ததும் என்னால்தான்.

"அதுவும் நெசமில்லைங்க" என்று அவரிடம் சொன்னேன். பெருநாள் சட்டைக்கு அளவெடுத்ததிலிருந்து தொடங்கி ஒன்று விடாமல் சொன்னேன். மண்டியில் வேலை செய்கிறவர்கள் காதில் விழுந்திருக்கும், விழட்டும் என்று சொன்னேன். அவர் எழுந்து மண்டிக்குப் பின்னால் இருக்கிற வீட்டுக்குள் போய், பெண்ணின் அம்மாவிடம் பேசிவிட்டு வந்தார். "நிக்காஹ் எப்ப வச்சுக்கலாம்னு மகனைக் கேட்டு எழுதுங்க" என்றார். என்னோடு பஸ் ஸ்டாண்டுவரை நடந்து வந்தார். ஒரு வார்த்தைகூட என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் அவரில்லை என்று அவருக்கும் தெரியும்.

உன்னிடமும் நான் மன்னிப்பு கேட்டு எழுதவில்லை. கேட்டால் நீ உடனே கொடுத்துவிடுவாய், எனக்கு உன்னைத் தெரியும். நான் கேட்பது வேறு. நாள் குறித்து அந்தப் பெண் நம் வீட்டுக்கு வந்ததும், உன் அத்தா எப்படிப்பட்டவர் என்று என்றைக்காவது உன்னைக் கேட்பாள். அப்போது நடந்ததை நடந்தபடி சொல். எனக்காக இன்னொரு தடவை பொய் சொல்லாதே, மகனே. நான் தாங்கிக்கொள்வேன்.